காலி மனைச் செடி

எங்கள் வீட்டுக்கு வரைபடம் போட்டவர் என் கணவர்தான். கிண்டியில் ஒரு அரசு அலுவலகத்தில் வரைவாளராக வேலை பார்த்தார். மற்றவர்களின் கட்டடங்களை வரைந்து வரைந்து அலுத்துப்போனவர், கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டி நாங்கள் வாங்கிய ஒரு கிரவுண்டு மனைக்கு மட்டும் எட்டு மாதம் உட்கார்ந்து வரைந்தார். எந்த ஜன்னலில் எந்த மாதம் வெயில் விழும் என்றுகூடக் குறித்து வைத்திருந்தார். வீட்டுக்காரர் மோட்டார் போடும் நேரம் பார்த்துத் தண்ணீர் பிடித்து இருபது வருஷம் வாடகைப் போர்ஷன்களில் ஓட்டியவர்களுக்குச் சொந்த வீடு என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. "உங்களுக்கு இந்த வீடுதான் குழந்தை" என்று உறவினர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. ஆனால் கல்யாணம், காது குத்து என்று எங்கே போனாலும் ராத்திரிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிப்பது உண்மை.

நான் ப்ளஸ் டூ மாணவிகளுக்குத் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தேன். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் செய்த காரியத்தைத் தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

நாங்கள் குடிபோன புதிதில் எங்கள் நகரில் வீடுகளைவிடக் காலி மனைகள்தான் அதிகம். மனைக்காரர்கள் துபாயிலும் மும்பையிலும் இருந்தார்கள். நாலு மூலையிலும் கல் நட்டுவிட்டு, விலை ஏறட்டும் என்று போய்விட்டார்கள். அந்த நாலு கல்லுக்கு நடுவில் பார்த்தீனியம் முளைத்தது. காரட் இலை மாதிரி இலை, கடுகு கடுகாக வெள்ளைப் பூ. பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். கல்யாண வரவேற்பில் கொடுக்கும் பூங்கொத்துகளில் ரோஜாவுக்கு நடுவே இதைச் செருகி வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். வேற்று நாட்டிலிருந்து தானிய மூட்டையோடு வந்து பரவிய களை, ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், பக்கத்தில் வேறு செடியை வளர விடாது என்றெல்லாம் வகுப்பில் சொல்வேன். பெண்கள் எழுதிக்கொள்வார்கள். பரீட்சையில் இரண்டு மார்க்.

என் கணவருக்கு முதலில் கழுத்தில்தான் அரித்தது. சட்டைக் காலர் என்று நினைத்தோம். சோப்புத் தூளை மாற்றினேன். பிறகு கண் இமை தடித்தது, முழங்கை மடிப்பில் தோல் வெடித்தது. உடம்புச் சூடு என்று எண்ணெய் தேய்த்துக் குளித்தார். வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டார். ஒரு வருஷம் இப்படியே போயிற்று. கடைசியில் குரோம்பேட்டையில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். அவர் முதுகில் ஒவ்வொன்றிலும் ஒரு பொருளைத் தடவிய சின்னச் சின்ன பிளாஸ்திரி ஒட்டி அனுப்பி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தார். ஒரே ஒரு இடம் தீப்பட்டதுபோலச் சிவந்திருந்தது.

"சார், இது பார்த்தீனியம். நீங்க செடியைத் தொடவே வேண்டாம். காத்துல வர்ற தூசி போதும்" என்றார் மருத்துவர். "மாத்திரை கொடுக்கிறேன். ஆனா ஒண்ணு, அந்தச் செடி உங்க ஏரியாவை விட்டுப் போகணும். இல்லேன்னா நீங்க போகணும்."

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டே, "நான் எங்க சார் போறது? இப்பதான் வீடு கட்டியிருக்கேன்" என்றார். மருத்துவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

செடியை அனுப்புவது என்று அன்றைக்கு பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். வைராக்கியத்துக்கு எனக்குக் குறைச்சல் இல்லை. பள்ளி விட்டு வந்ததும் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, எங்கள் வீட்டைச் சுற்றியிருந்த மனைகளில் இறங்குவேன். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வருபவள் ஏரிக்கரைக் குடிசைகளிலிருந்து வருவாள். கிட்டத்தட்ட என் வயது. முதல் நாள் என்னை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னா டீச்சர் இது, எவன் எடத்திலயோ பூந்து புல்லு புடுங்கிகினு கீற?"

சொன்னேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்கையால் பிடுங்க ஆரம்பித்தாள். அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. அது யாரைப் பிடிக்கும், யாரை விடும் என்பதற்கு நியாயமே கிடையாது. மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது, பூ விடுவதற்கு முன்னால், வேரோடு இழுக்க வேண்டும். பூத்துவிட்டால் நாம் பிடுங்குகிறபோதே விதை சிந்தும். பிடுங்கின இடத்தில் நாலு வாரத்தில் மறுபடியும் பச்சை தெரியும். மறுபடியும் இறங்குவோம்.

நகர் நலச்சங்கச் செயலாளர் நல்ல மனிதர். வங்கியில் ஓய்வு பெற்றவர். உப்புக் கரைசல் தெளித்தால் செடி செத்துவிடும் என்று எங்கோ படித்துவிட்டு, கேளம்பாக்கம் உப்பளத்திலிருந்து மூட்டை மூட்டையாகக் கல்லுப்பை இறக்கினார். தெளித்த நாலாம் நாள் பார்த்தீனியம் வாடியது. பத்தாம் நாள் எதிர் வீட்டு முருங்கையும் வாடியது. எதிர் வீட்டு அம்மாள் தெருவில் நின்று போட்ட சத்தத்தில் சங்கம் அத்தோடு உப்பைக் கைவிட்டது. மழை வந்து உப்பைக் கரைத்துக்கொண்டு போனதும் முதலில் முளைத்தது பார்த்தீனியம்தான். முருங்கை போனது போனதுதான்.

இன்னொரு கூத்தும் நடந்தது. பின்பக்க மனையை நான் இரண்டு வருஷம் விடாமல் சுத்தம் செய்து வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைக்காரரின் மைத்துனர் என்று ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். மனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எதுக்கு மேடம் எங்க இடத்தை இவ்ளோ நீட்டா வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் அடுத்தவன் மனையை ஒருவன் சுத்தம் செய்தால், அடுத்த வாரம் கொட்டகை போடுவான், அதற்கடுத்த வாரம் பட்டா காட்டுவான் என்றுதான் அர்த்தம். நான் நோயைச் சொன்னேன், மருத்துவர் சீட்டைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, போலீஸில் ஒரு மனு கொடுத்துவிட்டுத்தான் போனார். ஒரு காவலர் வந்து, "செடி புடுங்கறதோட நிறுத்திக்குங்க டீச்சர். குழி தோண்டறது, கல்லை நகர்த்தறது எல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நிமிஷம் என் வாழ்க்கையில் முதன்முறையாக நான் நில அபகரிப்பு ஆசாமி ஆனேன். அன்று இரவு என் கணவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்தால் உதட்டோரம் வெடித்து ரத்தம் வரும். துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அதற்குள் அவர் முகம் மாறிவிட்டிருந்தது. நெற்றித் தோல் தடித்து மடிப்பு மடிப்பாக இருந்தது. முழுக்கைச் சட்டை, கையில் குடை, காதை மூடி ஒரு மஃப்ளர் என்று சித்திரை வெயிலில் ஸ்டேஷனுக்கு நடந்து போவார். வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டார். சாமான் போட்டு வைப்பதற்காக வரைந்த உள்ளறையில்தான் காற்று குறைவு. கட்டிலை அங்கே போட்டுக்கொண்டார். அவ்வளவு யோசித்து வரைந்த வீட்டில் அவருக்குக் கிடைத்த இடம் அது.

இரண்டாயிரத்து ஐந்தின் கடைசியில் மழை கொட்டித் தீர்த்தது. ஏரி நிரம்பித் தெருவுக்கு வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தீனியம் இடுப்பு உயரத்துக்கு எழுந்தது. நானும் பாத்திரம் துலக்குபவளும் மார்கழி முழுக்கப் பிடுங்கினோம். பல செடிகள் ஏற்கெனவே பூத்துவிட்டன. பிடுங்கியதை எல்லாம் எங்கள் வீட்டிலிருந்து மூன்று மனை தள்ளி ஒரு மூலையில் போட்டு, மேலே நீலத் தார்ப்பாய் மூடி வைத்தோம். தை பிறக்கும் நேரத்தில் அது என் உயரத்துக்குக் குவிந்து, மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

அதை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. குப்பை வண்டிக்காரர் ஏற்ற மாட்டேன் என்றார். போகிக்கு முந்தின நாள் பாத்திரம் துலக்கும்போது அவள் சொன்னாள்:

"குழி தோண்டிப் பொதைச்சிடலாம் டீச்சர். கொளுத்துனா வர்ற பொகையில ஊரே மூடிக்கும். சாருக்கு ஆவாது."

"எங்க தோண்டறது? என் காம்பவுண்டுக்குள்ள பாதி செப்டிக் டேங்க், பாதி சிமெண்டுத் தரை. அடுத்தவன் மனையில தோண்டினா என்னைப் பிடிச்சு உள்ளே வச்சிடுவான்" என்றேன். "நாளைக்குப் போகிதானே? ஊரே கொளுத்தும். நாம கொளுத்தினா மட்டும் யார் கேட்கப் போறாங்க?"

"நான் சொல்றத சொல்லிட்டேன்" என்று அவள் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டுப் போனாள்.

குழிக்கு இடம் இல்லை என்பது காரணம்தான். ஆனால் முழுக் காரணம் இல்லை. எனக்கு அந்தச் செடி எரிவதைப் பார்க்க வேண்டும். மூன்று வருஷமாகக் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. அவர் முகத்தைத் தொட்டால் மரப்பட்டையைத் தொடுவது மாதிரி இருந்தது. செடி என்றால் செடிதான், அதற்கு ஒரு எண்ணமும் கிடையாது என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் அதன்மேல் எனக்கு இருந்த ஆத்திரம் ஒரு மனுஷன்மேல் இருக்கும் ஆத்திரம். காய்ந்து போனாலும் அதன் நஞ்சு போகாது என்று நானே கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். எரித்தால் எல்லாம் சாம்பல்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

போகியன்று விடிவதற்கு முன்னால் எழுந்தேன். அவர் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். எல்லா ஜன்னலையும் சாத்தினேன். அறைக் கதவின் கீழ் இடுக்கில் ஈரத் துண்டைச் சுருட்டி வைத்தேன். தெருவில் பிள்ளைகள் போகி மேளம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கங்கே பழைய பாய், துடைப்பம் எரிந்துகொண்டிருந்தது. நான் தார்ப்பாயை இழுத்துவிட்டு, பழைய வினாத்தாள் கட்டு ஒன்றைச் சொருகிக் கொளுத்தினேன். சடசடவென்று பிடித்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

அன்றைக்குப் பனி மூட்டம். காற்று அசையவில்லை. புகை மேலே எழும்பாமல் வெள்ளையாகத் தரையோடு படர்ந்து, காம்பவுண்டுச் சுவர்களைத் தாண்டி நகர்ந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் போவதைப் பார்த்தேன். ஜன்னல்தான் சாத்தியிருக்கிறதே என்று நினைத்தேன். ஒவ்வொரு அறையிலும் கூரையை ஒட்டி அவர் வெண்டிலேட்டர் வைத்திருந்தார். கதவு கிடையாது, ஓட்டை ஓட்டையாக வெறும் சிமெண்ட் ஜாலி. காற்று எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர்தான் ஆசைப்பட்டு வரைந்தது. அது என் நினைவுக்கே வரவில்லை.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது உள்ளறையில் இருமல் கேட்டது. கதவைத் திறந்தால் அறை முழுக்கப் புகை. வெளிச்சம் வருவதற்குள் அவர் இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. கழுத்து, காது, கை எல்லாம் வீங்கி நீர் கோத்தது. மூச்சு இழுத்தது. ஆட்டோ பிடித்து குரோம்பேட்டைக்குக் கிளம்பினோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் கரும்பு லாரிகள் நின்று வழியை அடைத்திருந்தன. ஆட்டோக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். என் கணவர் கண்ணைத் திறக்க முடியாமல் என் பக்கம் முகத்தைத் திருப்பி, "யாரு கொளுத்தினது?" என்று கேட்டார்.

"சங்கத்து ஆளுங்க" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் வந்தது. அவர் சரி என்பதுபோலத் தலையை அசைத்தார்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். செயலாளர் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நான் கட்டிலின் மறுபக்கம் நின்றுகொண்டு, என் கணவர் அவரிடம் கொளுத்தியதைப் பற்றி இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவே இல்லை. இருவரும் கிரிக்கெட் பற்றிப் பேசினார்கள். எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்தேன். அந்தப் பதினோரு நாளில் எனக்கு அழுகையே வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, "தைரியசாலி நீங்க" என்றாள். தைரியம் எல்லாம் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையது இல்லாதது மாதிரி இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

மருத்துவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அந்த வீட்டுக்கு இனிமேல் அவர் திரும்பக்கூடாது என்றார்.

பாத்திரம் துலக்குபவள்தான் வழி சொன்னாள். "கோவளத்துல எங்கக்கா வூட்டு மாடியில ஒரு ரூம்பு காலியா கீது டீச்சர். மீன் விக்கிற வூடு, வாசனை வரும், பரவால்லியா? அங்க மணலு, உப்புக் காத்து. இந்தப் பேஜார் புடிச்ச செடி அங்க மொளைக்காது." குழி தோண்டச் சொன்னேனே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று பட்டது.

அவர் அங்கே போனார். வேலைக்கு மருத்துவ விடுப்பு, பிறகு விருப்ப ஓய்வு. எனக்குப் பள்ளி இங்கே. சனிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்து, கேளம்பாக்கத்தில் இறங்கி மாறி, அங்கே போய்ச் சமைத்து வைத்துவிட்டு ஞாயிறு சாயந்திரம் திரும்புவேன். ஆறு மாதத்தில் அவர் நெற்றி மடிப்பு தளர்ந்தது. ஒரு வருஷத்தில் அரைக்கைச் சட்டை போட ஆரம்பித்தார். வலை பின்னும் ஆட்களோடு உட்கார்ந்து பேப்பர் படித்தார். படகில் பெயர் எழுதிக் கொடுத்தார். கரையில் எல்லாரும் அவரை அண்ணா என்றார்கள். போகப் போக என் சனிக்கிழமைகள் குறைந்தன. பரீட்சைத் தாள், இடுப்பு வலி, ஏதாவது ஒன்று வரும். மாதம் ஒரு தடவை, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை.

இங்கே நான் பிடுங்குவதை நிறுத்தவில்லை. ஆத்திரம் போய்விட்டிருந்தது. ஆசை என்றும் சொல்ல முடியாது. பல் தேய்ப்பது மாதிரி ஒரு வேலை. அவர் திரும்பி வர வேண்டும், அதற்கு இந்த மனைகள் சுத்தமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிடுங்கியதைச் சாக்கில் கட்டி, மொட்டை மாடியில் தண்ணீர் நிரப்பிய பழைய டிரம்மில் போட்டு அழுக விட்டேன். முதலிலேயே இதைச் செய்திருக்கலாம். நாலு வருஷம் கழித்து யோசனை வந்தது.

கடைசியில் அந்தச் செடியை ஒழித்தது நான் இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. துபாய்க்காரர்களும் மும்பைக்காரர்களும் காத்திருந்த விலை வந்துவிட்டது. ஒவ்வொரு மனையிலும் ஜல்லி இறங்கியது, நாலு மாடி எழும்பியது. தண்ணீர் இறங்க ஒரு சாண் மண் இல்லாமல் மூலைக்கு மூலை டைல்ஸ் போட்டுவிட்டார்கள். இரண்டாயிரத்து ஒன்பதில் மழை முடிந்தபின் நான் தெருத் தெருவாக நடந்து பார்த்தேன். மூன்று தெருவுக்கு ஒரு செடி இல்லை. வராந்தாவைக் கழுவிவிட்டேன். ஜாலிகளுக்கெல்லாம் கண்ணாடி போட்டேன். மருத்துவரிடம் கேட்டேன், வந்து பார்க்கட்டும் என்றார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மூன்று மாதம் கழித்துப் போகிறேன். மாடியில் அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், நான் நாற்காலியில். எல்லாவற்றையும் சொன்னேன். "இனிமே பயமில்லை. வந்துடுங்க" என்றேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேனோ என்னவோ, நாலு வருஷமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்குக் கொளுத்தினது சங்கத்து ஆளுங்க இல்ல. நான்தான்."

"தெரியும்" என்றார். "ஆட்டோல என் பக்கத்துல உட்கார்ந்திருந்தியே. உன் தலைமுடி, புடவை எல்லாம் அதே வாசனை."

"அப்புறம் ஏன் மறுபடி கேட்கலை?"

"கேட்டா நீ அழுவே. அப்ப எனக்கு மூச்சே விட முடியலை. உன்னை வேற சமாதானப்படுத்தணும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நேற்று நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னார். பிறகு, "அதுக்காக வரலேன்னு நினைச்சுக்காதே" என்றார். "அங்க வந்தா தினமும் காலையில கண்ணாடியில கழுத்தைப் பார்க்கணும். எங்கயாவது ஒரு செடி இருக்கான்னு ஜன்னல் வழியா பார்க்கணும். இங்க நான் எதையும் பார்க்கறதில்லை. எனக்கு இது போதும். வீட்டை நீ பார்த்துக்கோ."

சரி என்றேன். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தால் கூட ஒன்றும் இருந்திருக்காது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் எழுந்து ஸ்டவ்வைப் பற்றவைத்து, பாலைக் காய்ச்சி, இரண்டு டம்ளரில் டிகாஷன் ஊற்றினார். கை பழகியிருந்தது. ஸ்பூனோடு சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உனக்குச் சர்க்கரை எவ்வளவு போடணும்?" என்று கேட்டார்.

ஒரு ஸ்பூன் என்றேன்.